முதலில் பார்வை, பிறகு பாடம்: பயணத்திலும் விடுமுறையிலும் விசுவாசப் பாடம் கண்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விடுமுறை முடிந்து திரும்பியவர்களிடம், "பயணத்தில் ஆண்டவர் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்?" என்று சபையின் சிறு குழுவில் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பதில்கள்தான் வரும். மலை உயரமாக இருந்தது, தேவன் பெரியவர். கடல் ஆழமாக இருந்தது, அவர் அன்பும் அப்படித்தான். வண்டி தாமதமானது, பொறுமை கற்றேன். இவற்றில் பிழை இல்லை. ஆனால் இவற்றைச் சொல்ல வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட சிறு தியானங்களை நானும் எழுதிவருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்களோடு உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்றே. பாடத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் காட்சியைத் தேடுகிறார்கள். வேதம் காட்டும் வரிசை வேறு. நீதிமொழிகள் 24:30-34ஐ எடுத்துப் பாருங்கள். ஒருவர் நடந்து போகிறார், சோம்பேறியின் வயலைக் கடக்கிறார். முள்ளுக்காடு, காஞ்சொறி, இடிந்த கற்சுவர் என்று கண்டதைக் கண்டபடி சொல்கிறார். அதன் பிறகுதான் "அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்" என்கிறார். காண்பது, சிந்திப்பது, புத்தியடைவது என்ற அந்த வரிசைதான் கீழே உள்ள படிகளுக்கும் அடித்தளம்.

வழி நெடுக ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறேன். ஆற்றைக் கடக்க நான் ஏறிய ஒரு படகு. அதில் நானே மூன்று தடவை தவறாகப் பாடம் எடுத்தேன் என்பதால் அது வசதியான உதாரணம்.

1. புறப்படும் முன் தேவைப்படுபவை

கையடக்கமான ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். கைபேசியிலும் குறிக்கலாம், ஆனால் ஒரு வரி எழுத அதைத் திறந்தவர் அரைமணி நேரம் கழித்துத்தான் தலை நிமிர்வார். என் அனுபவம் அது. உங்கள் கட்டுப்பாடு என்னுடையதைவிட நன்றாக இருந்தால் கைபேசியே போதும்.

அடுத்தது, ஒரே ஒரு வேதப் பகுதி. பயணம் முழுவதற்கும் ஒன்று போதும். தினம் ஒரு புதிய பகுதி என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாம் நாளில் விட்டுவிடுகிறார்கள். பிறகு குற்ற உணர்வோடு ஊர் சுற்றுகிறார்கள். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எதைத் தேர்வது? ஓரிரு நாள் பயணத்துக்கு, எம்மாவு என்ற ஊருக்கு இரண்டு சீஷர் நடந்து போன வழி, லூக்கா 24:13-35. நீண்ட பயணத்துக்கு ஆரோகண சங்கீதங்கள், 120 முதல் 134 வரை. மொத்தம் 15 சங்கீதங்கள். அவற்றில் 131, 133, 134 ஆகியவற்றில் மூன்று மூன்று வசனங்கள்தான். 132இல் மட்டும் 18. எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்களோடு காலங்காலமாகச் சேர்த்துப் பேசப்படும் பாடல்கள் என்பதால் புறப்பாடு, பயம், களைப்பு, ஏக்கம், சேர்ந்து இருப்பதன் சந்தோஷம் எல்லாம் அதில் இருக்கின்றன. பயணத்தில் தடங்கல்தான் அதிகம் வரும் என்று தெரிந்தால், பவுல் போன கப்பல் உடைந்த கதை, அப்போஸ்தலர் 27.

மூன்றாவதாக, கூட வருகிறவர்களுடன் ஓர் ஒப்பந்தம். "நான் இரவில் பத்து நிமிடம் எழுதுவேன். பகலில் யாருக்கும் பிரசங்கம் பண்ணமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐஸ்கிரீம் கீழே விழுந்த குழந்தையிடம் "பூமியிலுள்ளவைகள் நிலையற்றவை" என்று ஆரம்பிக்கும் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழந்தை அதற்குப் பிறகு விசுவாசத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கிளம்பும்போது செய்யும் ஜெபம் சிறிதாக இருக்கட்டும். யாக்கோபு 4:13-15, இன்ன பட்டணத்துக்குப் போவோம் என்று நாள் குறித்துப் பேசுகிறவர்களைக் கூப்பிட்டு, "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்று சொல்லக் கற்றுத்தருகிறது. அதைச் சொல்லி முன்பதிவுச் சீட்டைப் பையில் வையுங்கள். திட்டம் மாறும்போது அதை ஆண்டவர் செய்த துரோகமாக எடுத்துக்கொள்ளாதிருக்க இது உதவும்.

2. பகலில்: கண்டதை மட்டும் எழுதுங்கள்

பகலில் நோட்டில் பாடம் எழுதாதீர்கள், வசனமும் எழுதாதீர்கள். நான்கு விஷயங்கள் போதும். எங்கே, எப்போது. யார் என்ன செய்தார். என்ன சொன்னார், முடிந்தால் அவர் சொன்ன வார்த்தையிலேயே. அப்போது என் உடம்பும் மனமும் எப்படி இருந்தன.

காரணம் எளிது. பாடம் என்று ஒன்றை எழுதிவிட்டால் மனம் அங்கேயே பார்ப்பதை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு வருகிற விவரங்களெல்லாம் அந்தப் பாடத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவை போலத் தெரியும்.

எண்ணாகமம் 33 இதற்கு நல்ல முன்மாதிரி. கர்த்தர் கட்டளையிட்டபடி இஸ்ரவேலரின் பிரயாணங்களை மோசே எழுதிவைத்தான் என்று அதிகாரம் தொடங்குகிறது. பிறகு ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு இன்னோர் இடத்தில் பாளயமிறங்கினார்கள் என்பதே அடுக்கடுக்காக வருகிறது. பல இடங்களில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கூட இல்லை. வாசிக்கச் சலிப்பாக இருக்கும். ஆனாலும் பாடம் இல்லாத இடங்களும் எழுதத் தகுந்தவை என்று அந்த அதிகாரம் காட்டுகிறது.

இன்னொருவர் பவுல். அத்தேனே பட்டணத்தில் அவர் தோழர்களுக்காகக் காத்திருந்த நேரம். பட்டணத்தின் விக்கிரகங்களைக் கண்டு அவர் ஆவி மிகவும் வைராக்கியமடைந்தது என்று அப்போஸ்தலர் 17:16 சொல்கிறது. இருந்தும் அவர் சுற்றித்திரிந்து கவனித்துப் பார்க்கிறார், ஒரு பலிபீடத்தில் எழுதியிருந்த வாசகத்தைப் படித்து நினைவில் வைக்கிறார். "அறியப்படாத தேவனுக்கு" என்ற அந்த வாசகத்திலிருந்துதான் 17:23இல் அவருடைய பேச்சு கிளம்புகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பேச்சு இல்லை. வேறு மதத்தவரின் வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்க்க நேரும்போது, தீர்ப்பை அவசரமாக எழுதாமல் அங்கே எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள்.

படகைப் பற்றி என் குறிப்பு இப்படி இருந்தது: "காலை. படகு முக்கால்வாசி நிறைந்தும் கிளம்பவில்லை. படகுக்காரர் கரைமேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வயதான ஒரு பெண்மணி, கையில் பை. மெதுவாக வந்தார். கைக்கடிகாரத்தை நான்கு தடவை பார்த்தேன். பக்கத்திலிருந்தவர், 'ஒரு ஆளுக்காக இத்தனை பேரா?' என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பெண்மணி ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது."

அவ்வளவுதான். இதற்குக் கீழே "பொறுமை" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தேன். முதல் தவறு அது.

3. இரவில்: ஒன்றை மட்டும் எடுங்கள்

அன்றைய குறிப்புகளை வாசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை? அழகானதை அல்ல, மனம் தடுக்கி விழுந்ததை. எரிச்சல், வெட்கம், எதிர்பாராத கண்ணீர், காரணமில்லாத சிரிப்பு, பொறாமை இவற்றில் ஏதாவது எங்கே எட்டிப்பார்த்ததோ அங்கே நிறுத்துங்கள்.

ஏனென்றால் அழகான காட்சி உங்களைப் புகழ்ச்சிக்கு நடத்தும். அது நல்லதுதான், அதை ஜெபமாகவே சொல்லிவிடலாம். பாடம் என்பது உங்களிடத்தில் ஏதோ ஒன்று இடறிய இடத்தில்தான் இருக்கும். பெத்தேலில் யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்துப் படுத்தபோது அவன் சுற்றுலாப் பயணி அல்ல. அண்ணனுக்குப் பயந்து ஓடுகிறவன். "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்ற வார்த்தை அந்த இரவில் பிறந்தது.

ஒன்றும் தடுக்கவில்லையா? நோட்டை மூடிவிட்டுத் தூங்குங்கள். நாளுக்கொரு பாடம் என்று கணக்கு வைத்தால் மூன்றாம் நாள் முதல் பொய் எழுத ஆரம்பிப்பீர்கள். ஒன்பது நாள் பயணத்தில் எனக்குத் தேறியது இரண்டு. அதுவே அதிகம்.

படகுக் குறிப்பில் என்னைத் தடுக்கியது காத்திருப்பு அல்ல, "நான் தலையாட்டினேன்" என்ற வரி, பக்கத்திலிருந்தவரின் வார்த்தைக்கு நான் கொடுத்த சம்மதம். அந்தப் பெண்மணி எதிரில் உட்கார்ந்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. "இதில் நான் யார்?" என்று கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். சம்பவத்தில் யார் யார் இருந்தார்கள் என்று வரிசைப்படுத்திவிட்டு, ஒவ்வொருவராக உங்களை அவர்கள் இடத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல சமாரியனின் உவமையைப் பயணத்தோடு சேர்த்து எழுதுகிற எவரும் தங்களைச் சமாரியனாகவே வைத்துக்கொள்கிறார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற அந்த வழியில் ஆசாரியனும் நடந்தான், லேவியனும் நடந்தான், குற்றுயிராய்க் கிடந்த ஒருவனும் இருந்தான், இரண்டு பணத்தைப் பெற்று அவனைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்ற சத்திரக்காரனும் இருந்தான். சத்திரக்காரனாக நின்று அந்தக் கதையை வாசித்துப் பாருங்கள், அது வேறு கதை.

படகில் நான் என்னை இழப்புக்கு ஆளானவனாகவே நினைத்தேன். என் நேரம், என் திட்டம். மறுநாள் மாலை அந்த நினைப்பு தலைகீழானது. திரும்பும் கடைசிப் படகு. இன்னும் ஒரு புகைப்படம், இன்னும் ஒன்று என்று நின்றதில் பிந்திவிட்டேன். ஓடி வந்தபோது படகு துறையிலேயே நின்றது, அதே படகுக்காரர் அதே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். எதிரிலிருந்த முகங்களில் முந்தின நாள் என் முகம்.

எல்லாருக்கும் மறுநாளே இப்படி ஒரு திருப்பம் கிடைக்காது. அதனால்தான் கேள்வியை நீங்களே கேட்க வேண்டியிருக்கிறது.

5. இப்போது வேதத்தைத் திறங்கள்

சம்பவம் தெளிவான பிறகே வசனம். முதலில் வசனம் வந்தால் சம்பவத்தின் கைகால்களை வெட்டி அதற்குள் பொருத்துவீர்கள்.

தேடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம்மில் பலர் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. இன்றைய சொற்களைச் செயலியில் தட்டினால் கைக்கு அகப்படுவது குறைவு. பயணம் என்பதற்குப் பதில் பிரயாணம் என்று தேடுங்கள். ஓய்வு என்று தேடினால் ஓய்வுநாள் கட்டளைகள்தான் குவியும். இளைப்பாறு, இளைப்பாறுதல் என்றும் தேடிப் பாருங்கள். உதவியோடு ஒத்தாசை, சகாயம். வெளியூர்க்காரர் என்பதற்குப் பரதேசி, அந்நியர். அந்நிய ஊரில் வழி தெரியாமல் நின்ற அனுபவத்தை எழுதுகிறவர், எபிரெயர் 11:13இல் "அந்நியரும் பரதேசிகளும்" என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களை இப்படித்தான் கண்டுபிடிப்பார்.

சொல் ஒற்றுமையை நம்பாதீர்கள், நிலைமை ஒற்றுமையைத் தேடுங்கள். என் சம்பவத்தில் படகு இருப்பதால் நோவாவின் பேழை உடனே மனதில் வந்தது. எழுதவும் தொடங்கிவிட்டேன். இரண்டாம் தவறு. ஆதியாகமம் 7:16இல் கர்த்தர் கதவை அடைக்கிறார். என் படகோ அடைக்காமல் நின்றது. பிந்தி வந்ததால் பத்துக் கன்னிகைகள் உவமைக்குப் போனேன். மூன்றாம் தவறு. அங்கேயும் கதவு அடைபட்டது. இரண்டுமே நான் கண்டதற்கு நேர் எதிர்.

கடைசியில் கேள்வியை மாற்றினேன். தாமதத்தைப் பற்றி முறுமுறுக்கிறவர்களுக்கு வேதத்தில் எங்கே பதில் வருகிறது? 2 பேதுரு 3. அவர் வருவார் என்ற வாக்குத்தத்தம் எங்கே என்று கேலி செய்கிறவர்கள் 4ஆம் வசனத்தில் வருகிறார்கள். 9ஆம் வசனம் அதற்குப் பதில்: சிலர் எண்ணுகிறபடி கர்த்தர் தாமதமாயிராமல், ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லாரும் மனந்திரும்பவேண்டுமென்று விரும்பி, "நம்மேல் நீடிய பொறுமையுள்ளவராயிருக்கிறார்". நான் காலையில் எழுதிய "பொறுமை" என்ற சொல் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அது என் பொறுமை அல்ல. படகில் ஏறி உட்கார்ந்துவிட்டவன் தாமதம் என்று சொல்வதை, பாதையில் நடந்து வருகிறவர் வேறு பெயரில் அழைப்பார்.

பகுதியைக் கண்டதும் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும். ஏரிக்கரைப் புகைப்படத்தின் மேல் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுகிறார்கள். சங்கீதம் 46ஐ முழுவதும் வாசித்தால் மலைகள் கடலில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, வில் ஒடிகிறது. அமைதியான ஏரிக்கல்ல, அமளிக்கு நடுவே சொன்ன வார்த்தை. அறை முன்பதிவு கிடைத்ததற்கு எரேமியா 29:11ஐச் சொல்கிறவர்கள் அதற்கு முந்தின வசனத்தைப் பார்ப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் 70 வருஷம் ஆகும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. மலையைக் கண்டதும் வரும் சங்கீதம் 121கூட முதல் வசனத்தோடு நின்றுவிடக்கூடாது. ஒத்தாசை "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து" வருகிறது என்று இரண்டாம் வசனம் மலையைத் தாண்டிப் போகிறது.

6. எழுதும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை: இந்தச் சம்பவத்துக்கு ஆண்டவர் மனதில் வைத்திருந்த காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்கிறேனா? அப்போஸ்தலர் 28ஐ வாசியுங்கள். 276 பேர் போன கப்பல் உடைந்து கரையேறிய பவுலின் கையை விரியன்பாம்பு கவ்வுகிறது. தீவார் அவரைக் கொலைபாதகன் என்கிறார்கள். அவர் சாகவில்லை என்றதும் தேவன் என்கிறார்கள். ஒரே சம்பவம், இரண்டு வாசிப்பு, இரண்டும் தப்பு. நாம் கண்டதை விளக்குவதில் அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை.

"இந்தச் சம்பவத்தால் ஆண்டவர் எனக்கு இதைக் காட்டினார்" என்பதற்கும் "இதைக் கண்டபோது இந்த வசனம் எனக்கு விளங்கியது" என்பதற்கும் தூரம் அதிகம். இரண்டாவதை எழுதுங்கள். என் புகைப்பட ஆசைக்காக ஆண்டவர் ஒரு படகை நிறுத்திவைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் சோதனை: பாதிக்கப்பட்டவர் முன்னால் நின்று இதை வாசிக்க முடியுமா? "நான் தவறவிட்ட வண்டி விபத்துக்குள்ளானது, கர்த்தர் என்னைக் காத்தார்" என்ற சாட்சியை நாம் அடிக்கடி கேட்கிறோம். தப்பியதற்கு நன்றி சொல்வது இயல்பு, சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த வண்டியில் மகனை இழந்த தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால்? சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி லூக்கா 13:4இல் இயேசு பேசுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அந்தக் கணக்கையே தள்ளிவிடுகிறார். நன்றியை எழுதுங்கள், ஒப்பீட்டை அடித்துவிடுங்கள்.

மூன்றாம் சோதனை எனக்கே பிடிக்காதது: யாரையாவது பொருளாகப் பயன்படுத்தினேனா? போன இடத்தில் வறுமையில் இருக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்து, "அவர்கள் நிலையில் நான் இல்லாததற்கு நன்றி சொன்னேன்" என்று எழுதுவது மிகச் சாதாரணம். கேட்கத் தாழ்மை போலவும் இருக்கும். லூக்கா 18:11இல் பரிசேயன் ஜெபிப்பது ஏறக்குறைய இதுதான்: மற்ற மனுஷரைப்போல நான் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன். அந்தக் குடும்பத்தார் பேசிய ஒரு வாக்கியமாவது உங்கள் குறிப்பில் இல்லையென்றால், அவர்களைப் பற்றி எழுதாதீர்கள்.

இந்தச் சோதனைகளில் தோற்ற குறிப்புகளைக் கிழிக்க வேண்டாம். ஜெபக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

7. எழுதும் வரிசை

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முதலில் சம்பவம், அது பாதிப் பக்கம் இருக்கட்டும். பிறகு நீங்கள் தடுக்கிய இடம். பிறகு வேதப் பகுதி, அது யாருக்கு எந்த நிலையில் சொல்லப்பட்டது என்ற ஒரு வாக்கியத்தோடு. கடைசியில் நீங்கள் செய்த அல்லது செய்யப்போகும் ஒரு காரியம்.

சம்பவம் ஏன் முன்னால்? 2 சாமுவேல் 12இல் நாத்தான் தாவீதிடம் நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லி, ராஜாவின் கோபத்தைக் கிளப்பிவிட்டு, பிறகே "நீயே அந்த மனுஷன்" என்கிறான். தலைப்பிலேயே பாடத்தைச் சொல்லிவிட்டால் வாசிப்பவர் தற்காப்போடு உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் கடைசிக் காரியம் சிறியதாகவும் பெயர் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "இனிப் பொறுமையாக வாழ்வேன்" என்பது செய்து பார்க்க முடியாதது. நான் எழுதியது: "ஜெபக்கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவரைப் பார்த்து அடிக்கும் கிண்டலை நிறுத்துகிறேன்." எழுதும்போது சாதாரணமாகத்தான் தெரிந்தது. செய்யும்போது அப்படி இல்லை.

"நாம்" என்று எழுதுவதைக் குறையுங்கள். "நாம் எல்லாரும் அவசரக்காரர்கள்" என்பதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, "நான் தலையாட்டினேன்" என்பதில் இல்லை. கூட வந்தவர்களோடு நடந்த சண்டையை எழுதினால் அவர்களிடம் முதலில் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்தப் பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

தேய்ந்த உவமைகளை ஒருமுறை தேடி நீக்குங்கள். வழி தவறியதும் மறுவழி காட்டும் கைபேசி வரைபடம், அதிகச் சுமையுள்ள பெட்டி, சூரிய அஸ்தமனம். இவை உங்களுக்கு உண்மையிலேயே நடந்திருக்கலாம். வாசிப்பவர் அவற்றை இருபது தடவை கேட்டிருப்பார். நடந்ததில் வேறு யாரும் கண்டிருக்க முடியாத ஒரு விவரம் இருந்தால் மட்டும் விட்டுவையுங்கள்.

8. ஓய்வு ஓய்வாகவே இருக்கட்டும்

இது எழுதும் படி அல்ல, எழுதாமல் இருக்கும் படி. விடுமுறையை வீட்டுப்பாடமாக்கிக்கொண்டு களைத்துத் திரும்புகிறவர்கள் உண்டு. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் பிரசங்கிக்கவில்லை. சாப்பிடச் சொன்னான். அவன் சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பியும் "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றுதான் சொன்னான். ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

ஓய்வு கலைந்துபோனாலும் வருந்த வேண்டாம். மாற்கு 6:31இல் சீஷர்களைத் தனித்து இளைப்பாற வரும்படி இயேசு அழைக்கிறார். படகில் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் கால்நடையாக ஓடி முந்திக்கொண்டார்கள். அன்றைய ஓய்வு ஐயாயிரம் பேருக்குப் பந்தி பரிமாறுவதில் முடிந்தது. ஆனால் கூட்டத்தை அனுப்பிய பிறகு அவர் தனியே மலைக்குப் போய் ஜெபம்பண்ணினார் என்பதையும் மாற்கு எழுதியிருக்கிறார். தள்ளிப்போன தனிமையை அவர் கைவிடவில்லை. நடு விடுமுறையில் அலுவலக அழைப்போ உறவினர் வருகையோ வந்தால், இழந்த அரைமணி நேரத்தை அதே நாளில் வேறு எங்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

9. திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து

எழுதியதை உடனே பகிராதீர்கள். மூன்று வாரம் மூடிவைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள். பயணத்தின் உற்சாகம் அடங்கிய பிறகும் உங்களைச் சங்கடப்படுத்தினால் அதைப் பகிரலாம். வெறும் நல்ல வாசகமாகத் தெரிந்தால் நோட்டிலேயே இருக்கட்டும்.

எம்மாவுக்குப் போன இருவருக்கும், கூட நடந்தவர் இயேசு என்று நடக்கும்போது தெரியவில்லை. அப்பம் பிட்கும்போதுதான் கண்கள் திறந்தன. "வழியிலே" நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று அவர்கள் பின்னோக்கிப் பார்த்துத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நடக்கும்போதே எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் வேண்டாம்.

பகிரும்போது குழந்தைகள் கூட இருந்தால் எழுதியதை வாசித்துக் காட்டாதீர்கள், பொருளைக் காட்டுங்கள். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைப் பற்றி யோசுவா 4இல், பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்றுதான் இருக்கிறது. ஒரு கூழாங்கல், கசங்கிய பயணச்சீட்டு, அலமாரியில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும். வராமலும் போகலாம்.

என் நோட்டில் படகுப் பக்கத்தின் கீழே ஒரு வரி காலியாகவே இருக்கிறது. இரண்டு நாளும் அந்தப் படகில் ஏறினேன், படகுக்காரரின் பெயரைக் கேட்கவில்லை. இரண்டாம் படியில் குறிக்க வேண்டிய நான்கு விஷயங்களோடு இப்போது ஐந்தாவதாக அதையும் சேர்த்திருக்கிறேன்.